"படம் எப்படி?" என்ற கேள்விக்கு ஏன் ஒரே பதில் கிடைப்பதில்லை

2024-ஆம் ஆண்டில் மூன்று பெரிய தமிழ்ப் படங்கள், திரைக்கு வந்த பிறகு வெட்டப்பட்டன. ஜூலை 12 அன்று வெளியான ‘இந்தியன் 2’ படத்தில் 12 நிமிடம் போனது. செப்டம்பர் 27 அன்று வந்த ‘மெய்யழகன்’ படத்தில் சுமார் 18 நிமிடம். நவம்பர் 14 அன்று வந்த ‘கங்குவா’ படத்தில் 12 நிமிடம். தணிக்கை வாரியம் சொல்லி நடந்த வெட்டு இல்லை இவை. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் "இழுவை" என்றார்கள், படக்குழுவினர் வெட்டினார்கள்.

ஆக, சாதாரணப் பார்வையாளரின் வாய்ச்சொல்லுக்கு இன்று படத்தையே மாற்றும் பலம் இருக்கிறது. ஆனால் அந்த வாய்ச்சொல்லை நம்பிப் படத்துக்குப் போகலாமா என்று கேட்டால் பலருக்கும் குழப்பம்தான். வேலூரில் வெள்ளிக்கிழமை காலைக் காட்சி பார்த்துவிட்டு வரும் கல்லூரி மாணவர் "தெறி" என்கிறார். அதே படத்துக்கு ஞாயிறு மாலை குடியாத்தத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர் "தலைவலி" என்கிறார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், அந்த அளவுகோல் எது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அது என்ன என்று தெரிந்துகொண்டால் இரண்டு கருத்துமே நமக்குப் பயன்படும். எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மூன்று கணக்குகள், ஒரே பெயர்

"படம் நல்லா இருக்கு", "படம் ஹிட்" என்பவை ஒன்றுபோல ஒலித்தாலும் வேறு வேறு கணக்குகள். குறைந்தது மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. விமர்சனம். இதே இயக்குநரின் முந்தைய படங்கள், இதே கதையை வேறு மொழியில் எடுத்த விதம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றையும் வைத்து ஒருவர் படத்தை எடைபோடுவது. இவர் வாரத்துக்கு நாலைந்து படம் பார்ப்பவர். பழகிய காட்சி வந்தால் சீக்கிரம் சலித்துவிடும்.

2. வியாபாரக் கணக்கு. தமிழ்நாட்டை விநியோகஸ்தர்கள் சில ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து ‘என்.எஸ்.சி.’ என்பார்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. ஆனாலும் சினிமா வியாபாரத்தில் பழைய வட ஆற்காடு இன்னும் இருக்கிறது. இந்த ஏரியாவை வாங்கியவர் கொடுத்த விலைக்கு மேல் வசூல் வந்தால் ஹிட், வராவிட்டால் நஷ்டம். உதாரணத்துக்கு, 10 ரூபாய்க்கு வாங்கிய படம் 8 ரூபாய் வசூலித்தால் தோல்வி. 2 ரூபாய்க்கு வாங்கிய படம் 4 ரூபாய் வசூலித்தால் வெற்றி. முதல் படத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம் என்றாலும் கணக்கு இப்படித்தான். "என்.எஸ்.சி.யில் படம் படுத்துவிட்டது" என்ற செய்தி வாங்கிய விலையைப் பற்றியது. படம் உங்களுக்குப் பிடிக்குமா என்பது அதில் இல்லை.

3. பார்வையாளர் கருத்து. மாதத்துக்கு ஒன்றிரண்டு படம் பார்ப்பவர், தன் பணமும் மூன்று மணி நேரமும் வீணானதா இல்லையா என்று சொல்வது. இந்தக் கட்டுரை பேசுவது இவரைப் பற்றித்தான். மூன்றில் மிகவும் நேர்மையானதும் இதுவே, மிகவும் எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே.

வகைமை ஒரு வாக்குறுதி

ஆக்‌ஷன், திகில், த்ரில்லர், நகைச்சுவை, குடும்பக் கதை என்று பிரிப்பதை வகைமை என்கிறோம், பேச்சில் ‘ஜானர்’. கடை அலமாரியில் ஒட்டும் சீட்டு மாதிரிதான் இது தெரியும். பார்வையாளரைப் பொறுத்தவரை அது ஒரு வாக்குறுதி. திகில் படம் "பயமுறுத்துவேன்" என்கிறது. நகைச்சுவைப் படம் "சிரிக்க வைப்பேன்" என்கிறது. டிரெய்லரும் போஸ்டரும் அந்த வாக்கைக் கொடுக்கின்றன, படம் அதைக் காப்பாற்றுகிறதா என்பதைத்தான் பார்வையாளர் முதலில் பார்க்கிறார்.

இதற்கு நல்ல சான்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1970-களின் இறுதியிலிருந்து, முதல் நாள் படம் பார்த்தவர்களிடம் அட்டை கொடுத்து ‘ஏ பிளஸ்’ முதல் ‘எஃப்’ வரை மதிப்பெண் வாங்குகிறது. அதில் திகில் படங்களுக்கு வழக்கமாகவே குறைந்த மதிப்பெண்தான் வரும். குடும்பப் படத்துக்கு ‘பி’ வந்தால் கவலைப்படுவார்கள், திகில் படத்துக்கு ‘பி’ வந்தால் கொண்டாடுவார்கள். காரணம் எளிது. நன்றாகப் பயந்தவர் கலங்கிய மனதோடு வெளியே வருகிறார், அந்தக் கலக்கமே மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அதாவது, படம் தன் வேலையைச் சரியாகச் செய்ததே அதற்கு எதிராகத் திரும்புகிறது. எல்லா வகைமைக்கும் ஒரே தராசு வைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சரி, ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

மசாலா: கலவையே அதன் இலக்கணம்

பாட்டு, சண்டை, காமெடி, அம்மா சென்டிமென்ட், கடைசியில் நீதி. இப்படி எல்லாம் ஒன்றாக வரும் படத்தைப் பார்த்துவிட்டு "ஒரு கதையில் நிற்கவில்லை" என்று குறை சொல்பவர்கள் உண்டு. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கலவை சினிமா வருவதற்கு முன்பே பழக்கமானது.

இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதத் திருவிழா நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் துரியோதனன் வீழும் படுகளம், அப்புறம் தீமிதி. ஓர் இரவுக் கூத்தை முழுதாகப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: துச்சாதனன் சேலையைப் பிடித்து இழுக்கும் கட்டத்தில் பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள், சற்று முன்புதான் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உள்ளூர்ச் சங்கதி எதையோ சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்திருப்பார். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு இரண்டும் தேவை.

கூத்தில் முக்கிய வேஷம் நேரடியாக வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னாலிருந்து பாட்டு வரும், சலங்கை ஒலி வரும், கிரீடத்தின் நுனி தெரியும். கூட்டம் பொறுமை இழக்கும் நேரத்தில் திரை விலகும். நாயகன் அறிமுகக் காட்சியில் முதலில் காலையும், பிறகு கையையும், கடைசியாக முகத்தையும் காட்டும்போது அரங்கம் விசிலடிக்கிறதே, அந்த உத்தி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. கூத்திலிருந்து சினிமாவுக்கு ஒரே கோடாக இழுத்துவிடவும் முடியாது. இடையில் பார்சி நாடகமும் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த, சிறுவர்களை நடிக்க வைத்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களும் இருக்கின்றன. 1930-களின் பேசும்படங்களுக்கு நடிகர்களும் கதைகளும் பாட்டுகளும் பெரும்பாலும் அந்த மேடைகளிலிருந்துதான் வந்தன. ஆனாலும் பார்வையாளரின் காதும் கண்ணும் எங்கே பழகியவை என்பது இதில் தெரிகிறது.

அப்படியானால் மசாலா படத்தை எதை வைத்து அளப்பது? கலவை இருக்கிறதா என்று கேட்பதில் பொருளில்லை, இருக்கத்தான் செய்யும். கேட்க வேண்டியவை வேறு. ஒரு சுவையிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடம் உறுத்துகிறதா? பாட்டு வரும்போது எழுந்து வெளியே போகும் கூட்டம் எவ்வளவு? வில்லனுக்கு உண்மையிலேயே பலம் இருக்கிறதா, அல்லது அடி வாங்குவதற்காக மட்டும் நிற்கிறாரா? சமீபத்திய பெரிய படங்கள் பலவற்றில் நான் காணும் குறை கடைசியாகச் சொன்னதுதான். நாயகனை உயர்த்திக் காட்டும் காட்சி பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, ஆனால் அவர் தோற்றுவிடுவாரோ என்ற பயம் ஓரிடத்திலும் வருவதில்லை. ‘கர்ண மோட்சம்’ கூத்தில் கர்ணன் தோற்பான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பதைக்கிறோம். அந்தப் பதைப்பு இல்லாத மசாலா, முடிவதற்கு முன்பே சலிக்கிறது.

திகில்: பாதி வேலை காதில்

திகில் படம் பற்றிய கருத்துகளில் அதிகம் கேட்பது இரண்டு: "செம பயம்", "பயமே இல்லை". இந்த வேறுபாட்டில் பெரும்பகுதி படத்தால் வருவதே இல்லை, அரங்கால் வருகிறது.

திடீர்ச் சத்தத்தோடு முகம் தோன்றித் தூக்கிவாரிப் போடும் உத்தியை ‘ஜம்ப் ஸ்கேர்’ என்பார்கள். அது வேலை செய்வதற்கு அதற்கு முன்னால் வரும் அமைதிதான் காரணம். கதவு மெல்ல நகர்வது, தொலைவில் தண்ணீர் சொட்டுவது, மூச்சு விடுவது போன்ற சின்னச் சின்ன ஒலிகள் காதைக் கூர்மையாக்கும், அப்புறம்தான் பெரிய சத்தம் வந்து அடிக்கும்.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. டால்பி ஒலிக்கருவியில் 7 என்ற புள்ளிதான் படத்தின் ஒலியை இறுதி செய்யும்போது வைத்துக்கொள்ளும் அளவு. படத்தின் சத்தம் அதிகம் என்று புகார் வந்தால் அரங்கில் அதைக் குறைத்து 5-க்கோ 4-க்கோ கொண்டுவருவார்கள். ‘கங்குவா’ வந்தபோது இரைச்சல் தாங்கவில்லை என்ற புகார் எழுந்து, சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளரே சொன்னார். குறைக்கும்போது இரைச்சல் மட்டும் குறைவதில்லை, எல்லா ஒலியும் சேர்ந்து குறைகிறது. ஆக்‌ஷன் படம் அதைத் தாங்கும். திகில் படத்தில் மெல்லிய ஒலிகள் ஏ.சி. இரைச்சலுக்குக் கீழே போய்விடும். பிறகு பார்வையாளர் "பயமே இல்லை" என்று சொல்வதில் என்ன வியப்பு? எந்த அரங்கில் பார்த்தார் என்று தெரியாமல் திகில் பட அபிப்பிராயத்தை எடுத்துக்கொள்ளவே கூடாது என்பேன்.

தமிழில் பேயும் காமெடியும் ஏன் இவ்வளவு நெருக்கமாயின என்று பலர் கேட்கிறார்கள். 2005-இல் ‘சந்திரமுகி’, 2007-இல் ‘முனி’, 2011-இல் ‘காஞ்சனா’ என்று வெற்றிகள் வந்தது ஒரு காரணம். அரசு விதியையும் மறக்கக் கூடாது. 2006-இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு கிடைத்தது. 2011-இல் அந்த விலக்குக்கு ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்றானது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை, ‘யு’ வாங்குவது பெரிய பண விஷயமாக இருந்தது. ரத்தமும் கொடூரமும் குறைந்து, குழந்தைகளும் பார்க்கலாம் என்ற பேய்கள் அதிகமாக வந்த சூழலில் அந்த விதிக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இந்தக் கலவைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர், சிரிப்பே இல்லாத திகில் படத்துக்குப் போய் "போர்" என்று சொன்னால், அவர் எதிர்பார்த்துப் போன வகையே வேறு என்று புரிந்துகொள்ள வேண்டும்.

த்ரில்லர்: ட்விஸ்ட் மட்டும் போதாது

இந்த வகையில் இரண்டு சொற்கள் குழம்பிக் கிடக்கின்றன.

1. மர்மம். பாத்திரங்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. கொலை செய்தது யார் என்று தேடுகிறோம். விடை தெரிந்ததும் ஆர்வம் முடிகிறது.

2. சஸ்பென்ஸ். நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஆள் ஒளிந்திருப்பதை நாம் பார்த்துவிட்டோம், அந்தப் பெண் சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறக்கிறாள். விடை தெரிந்திருப்பதால்தான் பதறுகிறோம்.

இதில் முதல் வகைப் படத்துக்குக் கதை கசிந்தால் உண்மையிலேயே இழப்பு. இரண்டாம் வகைக்கு அவ்வளவு இல்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ 1954-இல் வந்தது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். ஒரு கொலையைப் பலர் தங்கள் பார்வையில் சொல்வதுதான் அமைப்பு. முடிவு தெரிந்த பிறகும் இன்றும் அதைப் பார்க்க முடிகிறது, ஏனென்றால் ஒவ்வொருவரும் சொல்லும்போது அவரவர் குணம் வெளிப்படுகிறது.

"கடைசி பத்து நிமிடம் வேற லெவல்" என்ற கருத்தை மட்டும் வைத்து த்ரில்லருக்குப் போவது ஆபத்து. முடிவு தெரிந்தபின் முதல் பாதியை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே விதை போட்டிருந்தால் நல்ல த்ரில்லர். போடாமல் கடைசியில் புது ஆளைக் கொண்டுவந்து "இவன்தான்" என்றால், அது பார்வையாளரை ஏமாற்றுவது.

இடைவேளையும் இந்த வகையைப் பாதிக்கிறது. நம் த்ரில்லர்கள் இடைவேளைக்கு ஒரு உச்சம், முடிவுக்கு ஒரு உச்சம் என்று கணக்குப் போட்டு எழுதப்படுகின்றன. இடைவேளையை மனதில் வைக்காத ஆங்கிலப் படத்தை, ஏதோ ஒரு காட்சியில் நிறுத்தி விளக்கைப் போடும்போது இறுக்கம் அறுந்துவிடுகிறது. "இரண்டாம் பாதி தொய்வு" என்று அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லப்படுவதில் சில நேரம் பாப்கார்ன் வரிசைக்கும் பங்கு உண்டு.

நகைச்சுவை: பக்கத்து இருக்கையும் சேர்த்துத்தான்

சிரிப்பு தொற்றும். நிறைந்த அரங்கில் சுமாரான வசனத்துக்கும் சிரிப்பு வரும், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மதியக் காட்சியில் நல்ல வசனமும் விழாது. நகைச்சுவைப் படம் பற்றிய கருத்தைக் கேட்கும்போது "கூட்டம் இருந்ததா?" என்று சேர்த்துக் கேட்பது நல்லது.

இன்னொன்று, தமிழில் நெடுங்காலம் காமெடி தனி டிராக்காக ஓடியது. 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை, படத்தின் கதை தெரியாதவரும் சொல்லிக் காட்டுவார். 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ அப்படியில்லை, கதையே நகைச்சுவை. தனி டிராக்கில் சிரித்துப் பழகியவர் இரண்டாம் வகையைப் பார்த்துவிட்டு "காமெடி கம்மி" என்பார். அங்கே சிரிப்பு ஒரு நடிகரிடம் குவியாமல் சூழ்நிலையில் பரவியிருக்கும், அவ்வளவுதான்.

மெதுவான படங்கள்: ‘இழுவை’ என்று எப்போது சொல்லலாம்

எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதி இது. நல்ல படங்கள் அதிகம் காயப்படுவது இங்கேதான்.

‘மெய்யழகன்’ கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. தஞ்சைப் பக்கத்தில் ஓர் இரவு, இரண்டு ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். சண்டை இல்லை, வில்லன் இல்லை. பேச்சுதான் கதை என்கிற படத்தில் பேச்சைக் குறைப்பது, சண்டைப் படத்தில் சண்டையைக் குறைப்பதற்குச் சமம். ஆனால் தெரிந்த நடிகர்களின் முகத்தைப் பார்த்து வந்தவர்கள் வேறொன்றை எதிர்பார்த்திருக்கலாம். அவர்கள் "நீளம்" என்று சொன்னதும் நியாயம்தான். படம் கொடுத்த வாக்கும் அவர்கள் கேட்ட வாக்கும் வேறு வேறு.

நிதானமும் இழுவையும் ஒன்றில்லை. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீளமான காட்சி முடிந்ததும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறலாம், இருவருக்கு இடையே இருந்த உறவு மாறலாம், ஒரு மௌனத்தின் பொருள் மாறலாம். மாறியிருந்தால் அது நிதானம். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ 1979-இல் வந்தது. அதில் பேச்சே குறைவு, ஆனால் எந்தக் காட்சியும் தொடங்கிய இடத்திலேயே முடிவதில்லை. காட்சி முடிந்தும் ஒன்றும் மாறவில்லை, முன்பே தெரிந்ததை இன்னொரு முறை சொன்னார்கள் என்றால் அதுதான் இழுவை. இந்தக் கணக்கில் பார்த்தால், வேகமாக வெட்டித் தொகுத்த ஆக்‌ஷன் படங்கள் பலவும் இழுவைதான். ஐந்தாவது சண்டை, முதல் சண்டை சொன்னதையே சொல்கிறது. ‘கலைப்படம்’ என்று முத்திரை விழுந்தவற்றை மட்டும் இந்தச் சொல்லால் அடிப்பது நியாயமில்லை.

மொழிமாற்றுப் படங்கள்: வேலூருக்கு உரிய சிக்கல்

வேலூர் அரங்கில் உட்காரும் கூட்டம் ஒரே மொழிக்காரர்கள் இல்லை. சித்தூர் எல்லை அருகில்தான். காட்பாடிப் பக்கம் பல மாநில மாணவர்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் வீட்டில் உருது பேசுபவர்கள். தெலுங்கைத் தெலுங்கிலேயே கேட்டு ரசிப்பவரும், அதே படத்தைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்திலேயே தமிழும் தெலுங்கும் கலந்துதான் ஒலித்தன.

தெலுங்கில் பார்ப்பவரும் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவரும் பார்ப்பது உண்மையில் ஒரே படமில்லை. டப்பிங் வசனம் எழுதுபவருக்குக் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. நடிகர் உதடு மூடும் இடத்தில் ப, ம போல உதடு சேரும் எழுத்து வர வேண்டும், வாய் திறந்து முடியும் நேரத்துக்குள் வசனமும் முடிய வேண்டும். அதனால்தான் "அவன் வந்துட்டான்" என்று முடிய வேண்டியது "வந்துவிட்டான் பார் அவன் இப்போது" என்று நீள்கிறது. பழமொழியும் வட்டார நகைச்சுவையும் அப்படியே உதிர்ந்துவிடும். டப்பிங்கில் பார்த்தவர் "வசனம் மோசம்" என்றால் அந்தப் பழி மூலப்படத்தைச் சேராமல் இருக்கலாம். ஆக்‌ஷன் படம் டப்பிங்கில் பிழைத்துக்கொள்கிறது, நகைச்சுவையும் குடும்பக் கதையும்தான் அதிகம் அடிபடுகின்றன.

எண்களைப் படிக்கும் முறை

மதிப்பெண் பார்த்து டிக்கெட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளில்லை. நூறு விமர்சகர்களில் 90 பேர் ‘பரவாயில்லை’ அல்லது அதற்கு மேல் என்று சொன்னார்கள் என்றே பொருள். எல்லோரும் சுமார் என்று சொன்ன படமும் அங்கே 90 வாங்கலாம். பாதிப் பேர் கொண்டாடி, பாதிப் பேர் வெறுத்த துணிச்சலான படம் 50-இல் நிற்கும்.

2. டிக்கெட் விற்கும் செயலிகளின் மதிப்பெண் பொதுவாக உயரமாக இருக்கும். ஆர்வத்தோடு பணம் கட்டிப் போனவர்கள்தான் பெரும்பாலும் அங்கே வாக்களிக்கிறார்கள். முதல் நாளில் அந்த எண் ரசிகர் மன்றத்தின் எண்.

3. சராசரியைவிடப் பரவலைப் பாருங்கள். பத்துக்குப் பத்தும் பத்துக்கு ஒன்றும் மட்டுமே குவிந்திருந்தால், அங்கே நடப்பது ரசிகர் சண்டை. ஐந்து, ஆறு, ஏழு என்று பரவியிருந்தால் படம் பார்த்தவர்கள் பேசுகிறார்கள்.

தணிக்கைச் சான்றிதழையும் இதோடு சேர்த்துப் படிக்கலாம். 2024 நவம்பரிலிருந்து ‘யு/ஏ’ என்பது 7, 13, 16 வயதுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குடும்பத்தோடு போகிறவருக்கு இது நட்சத்திர மதிப்பெண்ணைவிட உபயோகமான தகவல். சின்னக் குழந்தையோடு ‘யு/ஏ 16’ படத்துக்குப் போய்விட்டு "குடும்பத்தோடு பார்க்க முடியாது" என்று எழுதுவது படத்துக்கு இழைக்கும் அநியாயம்; படம் அதை முன்பே சொல்லிவிட்டது.

முதல் மூன்று நாள் வழக்கு

இவ்வளவும் ஏன் முக்கியம் என்றால், பார்வையாளர் கருத்தையே கட்டுப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்துவிட்டது. 2024 இறுதியில், படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடை செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று சொல்லி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது.

தயாரிப்பாளர்களின் பயம் எனக்குப் புரிகிறது. பெரிய படங்களின் வசூலில் பெரும்பகுதி இப்போது முதல் வெள்ளி, சனி, ஞாயிறிலேயே வந்துவிடுகிறது. நான்கு வாரத்தில் ஓ.டி.டி.க்கு வந்துவிடும் என்று தெரிந்த பார்வையாளர், வெள்ளி மதியம் "மொக்கை" என்று ஒரு காணொலி பார்த்தால் டிக்கெட் எடுக்க மாட்டார். படமே பார்க்காமல் திட்டமிட்டுத் தாக்குபவர்களும் இருக்கிறார்கள், அவர்களைச் சட்டப்படி கேட்கலாம்.

ஆனால் அந்த மூன்று நாள் மௌனத்தால் யார் பாதிக்கப்படுவார்கள்? ரசிகர் எப்படியும் போவார். விமர்சகருக்கு வேலை தள்ளிப்போகும், அவ்வளவே. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வேலூர் வந்து, நான்கு டிக்கெட்டும் பாப்கார்னும் வாங்கும் குடும்பம்தான் இருட்டில் விடப்படும். அவர்களுக்கு விளம்பரம் மட்டும் காதில் விழும், படம் பார்த்தவரின் சொல் திங்கட்கிழமைதான் வரும். சின்னப் படங்களுக்கு இது இன்னும் மோசம். விளம்பரத்துக்குக் காசில்லாத படம், பார்த்தவர் வாயால்தான் இரண்டாம் வாரத்துக்குப் பிழைக்கிறது. அந்த வாயை வெள்ளிக்கிழமை அடைத்தால் திங்கட்கிழமை அந்தப் படத்துக்கு ஒரு காட்சிகூட மிஞ்சியிருக்காது.

தடைக்குப் பதிலாக வேண்டியது, கருத்து சொல்பவர் கூடவே இன்னும் இரண்டு மூன்று தகவல் சொல்வது. எந்த வகைப் படம் என்று நினைத்துப் போனார், அதே வகையில் அவருக்குப் பிடித்த வேறொரு படம் எது, எந்த நேரக் காட்சி, யாரோடு பார்த்தார். "பேய்ப் படம்னு போனேன், காமெடிதான் இருந்தது, குழந்தைகள் ரசித்தார்கள், எனக்கு ஏமாற்றம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், திகிலுக்காகப் போக நினைத்தவர் வீட்டிலேயே இருந்துவிடலாம், குழந்தைகளை அழைத்துப்போக நினைத்தவர் ஆறரை மணிக் காட்சிக்குக் கிளம்பலாம்.